60களின் கராஜ் ராக் 45 தட்டுகள்: அசல் அச்சை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த ஊசியில் கேட்பது?

ஃபஸ்டோன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. தொகுப்பு ஆல்பங்களில் ஆரம்பித்த கராஜ் ராக் (60களின் இளைஞர் குழுக்கள் வாசித்த முரட்டு ராக்) மோகம் இப்போது அசல் 45 சிங்கிள்களில், அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சிறு தட்டுகளில், வந்து நிற்கிறது. இரண்டு நிமிடம், மூன்று கார்டு, கதறும் குரல், ஓரத்தில் பிசிறடிக்கும் ஆர்கன். இந்த இசை ஏழு அங்குலத் தட்டுக்கென்றே பிறந்தது என்பது என் எண்ணம். மேசை மேல் மூன்று தட்டுகள் இருக்கின்றன. மூன்றிலும் எனக்கு ஒவ்வொரு சந்தேகம்.

முதலாவது, த கிங்ஸ்மென் குழுவின் "லூயி லூயி", வாண்ட் 143 (வெளியிட்ட நிறுவனமும் தட்டு எண்ணும்). லேபிளில் "லீட் வோக்கல் பை ஜாக் ஈலி" (முதன்மைக் குரல் ஜாக் ஈலி) என்று அச்சிட்டிருக்கிறது. விற்றவர் இது முதல் அச்சு என்கிறார். உண்மையா?

இரண்டாவது, பெயர் தெரியாத ஒரு பள்ளிக்கூடக் குழுவின் தட்டு. லேபிளில் ஆண்டு, ஊர் எதுவுமே இல்லை. பாட்டு முடிந்தபின் வரும் வெற்று வளையத்தில் "டிகே4எம் (TK4M)" என்று தொடங்கும் எண் மட்டும் இருக்கிறது. எந்த ஆண்டு என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா?

மூன்றாவதுதான் ரொம்பப் படுத்துகிறது. பார்க்கக் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, ஒரு கீறல்கூடக் கிடையாது. ஆனால் போட்டால் முழுக்க "உஸ்ஸ்" என்ற இரைச்சல். என் ஊசி நீள்வட்ட முனை, 0.3 × 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கோளாறு ஊசியிலா, தட்டிலா? கழுவினால் சரியாகுமா?

---

வெற்றுவளையம் எழுதியது:

நல்ல கேள்விகள். முதல் இரண்டுக்கு நான் சொல்கிறேன், மூன்றாவதுக்கு ஊசி விஷயம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

உங்கள் வாண்ட் 143 உண்மையான வாண்ட் தட்டாகவே இருக்கலாம், ஆனால் முதல் அச்சு இல்லை. குழு இந்தப் பாட்டை 1963 ஏப்ரலில் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் பதிவு செய்தது. முதலில் வந்தது ஜெர்டன் 712 என்ற சிறிய உள்ளூர் லேபிளில். அதே ஆண்டு வாண்ட் அதை வாங்கி நாடு முழுக்க வெளியிட்டது. இதற்கிடையில் ஈலி குழுவிலிருந்து பிரிந்துவிட்டார். பாடியவர் யார் என்பதில் வழக்கு வந்து, உடன்பாட்டின்படிதான் பிற்கால அச்சுகளில் அவர் பெயர் ஏறியது. ஆக, அந்த வரி இருந்தாலே பிந்தைய அச்சு. முதலில் அச்சான வாண்ட் தட்டுகளில் அது கிடையாது. "பெயர் போட்டிருக்கிறது, அதனால் இதுதான் அசல்" என்று தலைகீழாகப் புரிந்துகொண்டு விற்பவர்கள் நிறையப் பேர். தெரியாமல் சொல்பவர்களும் அதில் உண்டு, எனவே சண்டை போடாமல் எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

எந்த அச்சாக இருந்தாலும் அந்த இடத்தை மட்டும் தவறவிடாதீர்கள்: கிதார் தனி வாசிப்பு முடிந்ததும் ஈலி முந்திக்கொண்டு நுழைந்து, சட்டென நிறுத்திக்கொள்ள, டிரம்மர் ஓர் உருட்டு உருட்டி இடைவெளியை நிரப்புவார். திருத்தாமல் அப்படியே அச்சுக்குப் போனது. கராஜ் ராக் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்தச் சில நொடிகளைத்தான் போட்டுக் காட்டுவேன்.

இரண்டாவது தட்டு. வெளியார் கொண்டுவரும் பதிவுகளை ஆர்சிஏ நிறுவனம் காசுக்கு அச்சடித்துக் கொடுத்தது. ஊர் ஊராக இருந்த பள்ளிக்கூடக் குழுக்களில் ஏராளமானவை அந்த வழியாகத்தான் சில நூறு தட்டுகள் போட்டன. ஆர்சிஏ எண்ணின் முதல் எழுத்துதான் ஆண்டு: 1963 பி (P), 1964 ஆர் (R), 1965 எஸ் (S), 1966 டி (T), 1967 யு (U), 1968 டபிள்யு (W). எனவே உங்களுடையது 1966. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த எழுத்து வார்ப்புக்கு (தட்டுகளை அடிக்கும் மூல அச்சுக்கு) எண் கொடுத்த ஆண்டைத்தான் சொல்லும். அதே வார்ப்பிலிருந்து இரண்டு வருடம் கழித்து மறுபடி அடித்திருந்தாலும் அதே எண்தான் இருக்கும். பக்கத்தில் தனியாக ஐ, ஆர், எச் ஆகிய எழுத்துகளில் ஒன்று குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். ஐ என்றால் இண்டியானாபொலிஸ் ஆலை, ஆர் என்றால் நியூ ஜெர்சியின் ராக்கவே, எச் என்றால் ஹாலிவுட். ஆலையை வைத்துக் குழுவின் ஊரை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று தேட ஆரம்பிக்க ஒரு நூல் கிடைக்கும்.

மற்ற ஆலைகளின் அடையாளமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வட்டத்துக்குள் எம்ஆர் என்றிருந்தால் லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க். அதோடு ஒரு சிறு முக்கோணம் கீறி எண் எழுதியிருக்கும். அந்த எண் வரிசையாக ஏறிக்கொண்டே போகும். மறுபக்கத்தில் அதே எண்ணோடு எக்ஸ் சேர்ந்திருக்கும். தேதி தெரிந்த வேறு மோனார்க் தட்டுகளோடு ஒப்பிட்டால் எந்த மாதத்தை ஒட்டி அச்சானது என்பதுவரை நெருங்கலாம். இசட்டிஎஸ் என்று தொடங்கினால் கொலம்பியா. ஐந்து இலக்க எண், இரண்டு பக்கமும் அடுத்தடுத்த எண்கள், கூடவே வாடிக்கையாளர் கணக்கு எண் என்றிருந்தால் சின்சினாட்டியின் ரைட் ஆலையாக இருக்க வாய்ப்பு அதிகம். இதையெல்லாம் படிக்க 10 மடங்கு லூப் (கையடக்க உருப்பெருக்கி) ஒன்றும் பக்கவாட்டில் பிடிக்க ஒரு டார்ச்சும் போதும். வெளிச்சத்தை மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. தட்டின் மட்டத்துக்குக் கீழிறக்கிச் சாய்த்துப் பிடியுங்கள், கீறல் எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும்.

ஆண்டு கிடைத்துவிட்டதா, அடுத்து லேபிளில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பாட்டெழுதியவரின் குடும்பப் பெயரைப் பிடியுங்கள். அமெரிக்கக் காப்புரிமைப் பதிவுகளின் பழைய தொகுதிகள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இருக்கின்றன. 1966, 1967 தொகுதிகளில் பாட்டின் தலைப்பைத் தேடினால் எழுதியவரின் முழுப் பெயர் கிடைக்க வாய்ப்புண்டு. எல்லாக் குழுவும் பதிவு செய்திருக்காது, ஆனால் செய்தவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு அதிகம்.

---

ஊசிமுனை எழுதியது:

மூணாவது தட்டுக்கு வர்றேன். நீங்க சொல்ற அறிகுறி, பளபளன்னு இருந்தும் இரைச்சல், கேட்டதும் எனக்குத் தோணுறது ஒண்ணுதான்: அது வினைல் இல்ல, ஸ்டைரீன்ங்கற வேற பிளாஸ்டிக். இப்படிச் சோதிச்சுப் பாருங்க. லேபிள் ஓரத்துல நகத்தை மெல்ல ஓட்டுங்க. வினைல்ல லேபிள் சூட்டோட தட்டுக்குள்ளயே அழுந்தி, மட்டமா இருக்கும். ஸ்டைரீன்ல காகிதத்தை மேல ஒட்டியிருப்பாங்க, விளிம்பு நகத்துல தட்டுப்படும். தட்டோட வெளி ஓரம் மழுங்கலா, சதுரமா இருக்கும். நகத்தால சுண்டினா வினைல் "தொப்"புன்னு மந்தமா ஒலிக்கும், ஸ்டைரீன் "டிக்"னு கூர்மையா ஒலிக்கும். வளைச்சு மட்டும் பாக்காதீங்க, உடைஞ்சுடும்.

ஸ்டைரீன் தட்டை அழுத்தி எடுக்கல, ஊசிமருந்து ஏத்துற மாதிரி அச்சுக்குள்ள செலுத்தி வார்த்தாங்க. மலிவு, வேகம். புதுசா இருக்கறப்ப சத்தம் பிரமாதம், மோனார்க்ல அடிச்ச நல்ல பிரதியைக் கேட்டவங்களுக்குத் தெரியும். ஆனா கெட்டியான, நொறுங்கற பொருள். அந்தக் காலத்துப் பசங்க பிளேயர்ல ஊசி அழுத்தம் 5 கிராமுக்கு மேல போகும், முனை தேஞ்சிருந்தாலும் மாத்த மாட்டாங்க. வினைல் அந்த அழுத்தத்துக்குக் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். ஸ்டைரீன் நெகிழாது, பள்ளத்தோட சுவர் பொடியா உதிரும். அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். அதனாலதான் பாத்துத் தரம் போட்ட ஸ்டைரீனை நம்பக் கூடாது. வாங்கும்போது "போட்டுக் கேட்டுத் தரம் போட்டீங்களா"ன்னு கேளுங்க. கடைசி 20 நொடியை ஒலிப்பதிவு செஞ்சு அனுப்பச் சொல்லுங்க. உள்பள்ளம்தான் முதல்ல கெடும், அது சுத்தமா இருந்தா மிச்சமும் பெரும்பாலும் சுத்தமா இருக்கும்.

இனி ஊசி. இந்த 45 எல்லாமே மோனோ (ஒற்றைச் சேனல் ஒலி), சத்தம் அதிகமா வர்ற மாதிரி பள்ளம் வெட்டினது. நீள்வட்ட முனை பள்ளத்துல ஆழமா இறங்கி, தேஞ்ச பகுதியோட ஒவ்வொரு பொத்தலையும் படிக்கும். கூம்பு முனைக்கு மாறுங்க. ஆடியோ-டெக்னிக்கா விஎம்95 கார்ட்ரிட்ஜ் உடம்பு (ஊசி மாட்டற பாகம்) உங்ககிட்ட இருந்தா வேலை சுலபம்: நீள்வட்ட ஊசியைக் கழட்டிட்டு 95சி கூம்பு ஊசியை மாட்டினா போதும், 0.6 மில் முனை, 2 கிராம் அழுத்தம். ரொம்பத் தேஞ்ச தட்டுக்கு 1.0 மில் கூம்பு முனை, அதாவது 25 மைக்ரான். அது பள்ளத்துல மேல உட்கார்ந்து, பழைய ஊசி தொடாத சுவரைத் தொட வாய்ப்பிருக்கு. வாய்ப்புன்னுதான் சொல்றேன், ஏன்னா அந்தக் காலத்துல 1.0 மில்லாலேயே தேச்சிருந்தா எதிர்த்திசைதான் உதவும், சின்ன முனை அடியில போய் நல்ல இடத்தைப் பிடிக்கும். ரெண்டையும் வெச்சுக் கேட்டுப் பாக்கறதைத் தவிர வேற வழி இல்ல.

அதைவிட முக்கியம், ரெண்டு சேனலையும் சேர்த்து மோனோவாக்குங்க. மோனோ பள்ளத்துல பாட்டு பக்கவாட்டு அசைவுல மட்டும்தான் இருக்கு. மேல்கீழ் அசைவு முழுக்கத் தூசி, நெளிவு, மோட்டார் உறுமல். சேனல்களைச் சேர்த்தா மேல்கீழ் சத்தம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், இரைச்சல் பளிச்சுன்னு குறையும். ஆம்ப்ல மோனோ பொத்தான் இருந்தா அதை அழுத்துங்க, அவ்வளவுதான். இல்லேன்னா ஃபோனோ ப்ரீஆம்புக்கு (ஊசியிலேர்ந்து வர்ற சன்னமான சிக்னலைப் பெருக்கற கருவி) அப்புறம் ஒய் கேபிள் போடலாம், ஆனா ரெண்டு வெளியீட்டையும் நேரா முடிச்சுப் போடாதீங்க. ஒண்ணு இன்னொண்ணை இழுக்கும். ஒவ்வொரு பக்கமும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு தொடர்ல போட்டுச் சேருங்க.

கழுவறதுக்கு: 800 மில்லி காய்ச்சி வடித்த நீர், 200 மில்லி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஃபிலிம் கழுவற ஈரமூட்டி 5 சொட்டு. மென்மையான பிரஷ்ஷால பள்ளத்தோட திசையில சுத்தி, அப்புறம் வெறும் காய்ச்சி வடித்த நீரால அலசி, செங்குத்தா நிறுத்திக் காய வைங்க.

---

வெற்றுவளையம் எழுதியது:

ஊசிமுனை சொன்னதில் ஒரு திருத்தம் மட்டும். அந்தக் கலவை வினைலுக்குச் சரி. ஸ்டைரீனுக்கு ஆல்கஹால் வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் ஸ்டைரீனில் ஆல்கஹால் நுண்விரிசலை உண்டாக்கக்கூடும். போதாததற்கு ஒட்டிய லேபிள் ஈரத்தில் எழும்பும், வானொலிப் பிரதிகளில் குத்திய ரப்பர் முத்திரையின் மை கரைந்து ஓடும். ஸ்டைரீனுக்குக் காய்ச்சி வடித்த நீரும் இரண்டு மூன்று சொட்டு ஈரமூட்டியும் போதும். லேபிளை மறைக்கும் வட்டு போட்டுக்கொள்ளுங்கள். வெந்நீர் கூடவே கூடாது.

---

ஊசிமுனை எழுதியது:

ஒத்துக்கறேன், பிரிச்சுச் சொல்லியிருக்கணும். மேல இருக்கற கலவை வினைலுக்கு மட்டும்.

---

பிக்சைடு எழுதியது:

போலி அச்சு பற்றி யாரும் சொல்லவில்லை. அசல் 45 தேடுபவர் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

கராஜ் ராக்கில் போலி ஏன் அதிகம் என்றால், பல பாட்டுகள் முதலில் குட்டி லேபிளில் வந்து, ஓடிய பிறகு பெரிய லேபிளுக்கு மாறியவை. எல்லோருக்கும் வேண்டியது அந்தக் குட்டி லேபிள். கொஸ்டின் மார்க் அண்ட் த மிஸ்டீரியன்ஸின் "96 டியர்ஸ்" 1966இல் பா-கோ-கோ 102 ஆக வந்து, கேமியோ 428 ஆக மாறி, அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸின் "யூ ஆர் கானா மிஸ் மீ" காண்டாக்ட் 5269, ஹன்னா-பார்பெரா 492, இன்டர்நேஷனல் ஆர்டிஸ்ட்ஸ் 107 என்று மூன்று லேபிள் ஏறியது. டக்கோமாவின் த சோனிக்ஸ் லேபிள் மாறவில்லை, ஆனால் எட்டிக்கெட் 11 "த விட்ச்" தட்டில் பின்பக்கம் மாறியது: முதலில் "கீப் எ நாக்கின்", பிறகு "சைக்கோ". இப்படி எந்த வரிசையில் வந்தது என்று தெரியாமல் வாங்கப் போகாதீர்கள். 45கேட் தளத்தில் லேபிள் படங்களோடு பார்க்கலாம்.

போலியைப் பிடிக்க நான் பார்க்கும் முதல் இடம் லேபிளின் அச்சு. லூப் வைத்து ஒரு தனி எழுத்தைப் பாருங்கள். அசலில் எழுத்து முழு மையில், ஓரம் கூர்மையாக நிற்கும். போலியில் அசல் லேபிளைப் படம் பிடித்து மறுபடி அச்சடித்திருப்பார்கள். எனவே எழுத்தும் பின்னணி நிறமும் சேர்ந்து புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும். பின்னணி ஒரே நிறமாக இருக்க வேண்டிய லேபிளில் புள்ளி வலை தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்தது வெற்று வளையம். அசலில் இயந்திரக் குத்தலோ ஆலை முத்திரையோ இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தாலும், நவீன கையெழுத்தில் எண் மட்டும் கீறியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஒரு தவறான சோதனையையும் சொல்லிவிடுகிறேன்: "அசல் ஸ்டைரீன், இது வினைல், அதனால் போலி" என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நன்றாக ஓடிய சிங்கிளை ஒரே நேரத்தில் பல ஆலைகளில் அடித்தார்கள். ஒன்று ஸ்டைரீன், இன்னொன்று வினைல், லேபிளின் எழுத்துருகூட வேறு. எல்லாமே அசல்தான். சில நூறு மட்டும் அடித்த உள்ளூர்த் தட்டுக்குத்தான் பொருள் மாறினால் கவலைப்பட வேண்டும்.

முறையான மறுவெளியீடுகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நார்ட்டன், சண்டேஸ்டு போன்ற லேபிள்கள் தங்கள் பெயரைப் போட்டு, உரிமை பெற்று வெளியிட்டவை கேட்கத் தரமானவை. சோனிக்ஸை முழுச் சத்தத்தில் தினமும் கேட்க நார்ட்டன் தட்டு, அலமாரிக்கு எட்டிக்கெட் தட்டு என்று வைத்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. தொகுப்புகளில் 1972இல் லென்னி கே தொகுத்து எலெக்ட்ரா வெளியிட்ட "நக்கெட்ஸ்" 27 பாட்டுகள் கொண்ட இரட்டை ஆல்பம். தேசிய அளவில் ஓடியவற்றுக்கு அது. பெயரே தெரியாத முரட்டுக் குழுக்களுக்கு 1983 முதல் கிரிப்ட் வெளியிட்ட "பேக் ஃப்ரம் த கிரேவ்" வரிசை. பல குழுக்களின் மூல டேப்பே இன்று இல்லாததால், இந்த மாதிரித் தொகுப்புகளில் நிறையப் பாட்டுகள் 45 தட்டிலிருந்தே எடுக்கப்பட்டவை. நம் கையில் இருக்கும் சுத்தமான ஒரு பிரதிதான் சில சமயம் அந்தப் பாட்டின் மிஞ்சிய மூலம். இதை நினைத்தாவது தட்டை ஒழுங்காக வைத்திருங்கள்: பிவிசி உறை வேண்டாம், அது தட்டில் மங்கல் படியவைக்கும். அமிலமில்லாத காகித உள்ளுறை, வெளியே பாலிப்ரொப்பிலீன், செங்குத்தாக, சாயாமல். அசல் கம்பெனி உறை கிடைத்திருந்தால் தட்டை அதற்குள் வைக்காமல் பின்னால் சேர்த்து வையுங்கள்.

---

ஃபஸ்டோன் எழுதியது:

அருமை, எல்லோருக்கும் நன்றி. மூன்றாவது ஸ்டைரீனேதான், லேபிள் ஓரம் நகத்தில் தட்டுகிறது. ஆல்கஹால் இல்லாமல் கழுவி, கூம்பு ஊசி போட்டு, மோனோ பொத்தானை அழுத்திக் கேட்டேன். பாட்டின் நடுப்பகுதி நன்றாகவே தெளிந்துவிட்டது. இன்னும் இரண்டு இருக்கிறது: ஆரம்பத்தில் நாலைந்து நொடி மட்டும் பலமான இரைச்சல் போகவே இல்லை. அப்புறம் ஆர்கனை நீட்டிப் பிடிக்கும் இடங்களில் சுருதி அலைகிறது. லேபிளில் "விற்பனைக்கு அல்ல" என்ற பொருளில் முத்திரை இருக்கிறது.

---

ஊசிமுனை எழுதியது:

முத்திரை இருக்குன்னா அது வானொலிக்குப் போன பிரதி. அறிவிப்பாளர் ஊசியைப் பாட்டு தொடங்கற இடத்துல வெச்சுத் தட்டை முன்னும் பின்னும் கையால ஆட்டித் தயாரா நிறுத்துவார். அந்த இடம் மட்டும் தேஞ்சுபோயிருக்கு. ஸ்டைரீன்ல இதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, எவ்வளவு கழுவினாலும் போகாது. விக்கறப்ப மறைக்காம எழுதணும், வாங்கறப்ப முதல் 5 நொடியையும் கேட்டு வாங்கணும்.

சுருதி அலையறது ஊசிக் கோளாறு இல்ல, நடுத்துளைக் கோளாறு. 38 மில்லிமீட்டர் பெரிய துளைக்குள்ள அடாப்டர் (பெரிய துளையை பிளேயரோட சின்ன நடுக்கம்பிக்குப் பொருத்தற வட்டு) தளர்வா உட்கார்ந்தா தட்டு மையம் தப்பிச் சுத்தும். 60 மில்லிமீட்டர் ஆரத்துல அரை மில்லிமீட்டர் தப்பினாலே சுருதி 0.8 சதவீதம் மேலயும் கீழயும் போகும், ஆர்கன்ல அது அப்பட்டமா கேக்கும். பாட்டு முடிஞ்சு ஊசி கடைசி வளையத்துல சுத்தறப்ப ஹெட்ஷெல்லை (கையோட நுனியில ஊசி மாட்டியிருக்கற பாகம்) முன்னாடியிருந்து பாருங்க. இடவலமா ஆடுதா? தட்டை நிறுத்தி, ஆட்டம் எந்தப் பக்கமோ அதுக்கு எதிர்ப்பக்கம் தலைமுடி அளவு நகர்த்தி மறுபடி ஓட்டுங்க. ஆட்டம் நின்னதும் அடாப்டரைச் சுத்தி மெல்லிய டேப் ஒண்ணோ ரெண்டோ சுத்து போட்டா இடைவெளி அடையும், அடுத்த தடவை மெனக்கெட வேண்டாம். துளையே கோணலா வெட்டின தட்டுன்னா டேப் உதவாது, ஒவ்வொரு தடவையும் கையால மையப்படுத்த வேண்டியதுதான்.

---

வெற்றுவளையம் எழுதியது:

அந்த ஆரம்ப நொடிகளுக்கு இன்னொன்று செய்து பார்க்கலாம், கணினியில் ஏற்றும்போது. 24 பிட்டில் ஸ்டீரியோவாகவே பதிவு செய்யுங்கள், மோனோ பொத்தானை அழுத்தாமல். பிறகு இடது, வலது சேனல்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். மோனோ தட்டில் இரண்டு சுவரிலும் ஒரே பாட்டுதான் இருக்கிறது, ஆனால் இரண்டும் சமமாகத் தேய்வதில்லை. ஒரு பக்கம் தெளிவாக இருந்தால் அந்த ஐந்து நொடிக்கு அதை மட்டும் வைத்துக்கொண்டு, ஆறாவது நொடியிலிருந்து இரண்டையும் கூட்டி மோனோவாக்குங்கள். ஒட்டும் இடம் டிரம் அடி விழும் இடமாக இருந்தால் இணைப்பே கேட்காது.